ஒரு 'இ'யை எடுக்க எட்டு மாசம்

வணக்கம் மக்களே! காத்து சத்தம் கம்மியா இருக்கா? போன வீடியோவுக்கு நீங்க திட்டின திட்டுல மைக்குக்குத் தொப்பி வாங்கிட்டேன். 350 ரூபா! பூனைக்குட்டி மாதிரி இருக்கு. மணி ஆறேகால், கடற்கரைச் சாலையில வண்டியெல்லாம் நிறுத்தியாச்சு, நடந்துக்கிட்டே பேசுறேன்.

விஷயம் என்னன்னா, 'இரத்து' போச்சு, 'ரத்து' வந்தாச்சு! நான் ராத்திரியில தமிழாக்கம் பண்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள், அதாவது யார் வேணா நிரலை எடுத்து மாத்திக்கலாம்ங்கிற மென்பொருள், இருக்குல்ல, பேர் வேணாம், அதுல கேன்சல் பட்டன் ஒரு திரையில 'இரத்து செய்', இன்னொண்ணுல 'ரத்து செய்', மூணாவதுல 'விடு'. எதை விடுறது, கையையா? ரகரம் சொல்லுக்கு முதல்ல வராது, எங்க தமிழம்மா அடிச்சே சொல்லிக்குடுத்தாங்க. ஆனா பேப்பர்லயே 'ரயில் ரத்து'ன்னுதானே போடுறான்?

பரிந்துரை போட்டு எட்டு மாசம். எங்க தமிழ்க் குழுவுல ஒப்புதல் குடுக்குற உரிமை ஒரே ஒருத்தர்கிட்ட. சாவி அவர் இடுப்புல, ஆளைக் காணோம். திட்ட மனசு வரல, ஆரம்பத்துல எல்லாத்தையும் தனியா உக்காந்து பண்ணவர் அவர்தான்.

ஃபயர்ஃபாக்ஸ் பண்ற மொஸில்லாவோட மொழிபெயர்ப்புத் தளம் பொன்டூன், அதுல யார் வேணா பரிந்துரை போடலாம். மொழிபெயர்ப்பாளர் அனுமதி இருக்கிறவங்க ஒப்புதல் குடுக்கலாம். அந்த அனுமதியைக் குடுக்க மொழிக்கு மேலாளர் உண்டு. நாங்க இருக்கிறது வெப்லேட்னு இன்னொரு மொழிபெயர்ப்புத் தளம், செக் நாட்டு மிஹால் சிஹார் 2012ல ஆரம்பிச்சது. அதுல இத்தனை ஓட்டு விழுந்தா பரிந்துரை தானா ஏறிடும்னு வச்சுக்க வசதியே இருக்கு. எங்க ஆளுங்க அதை ஆன் பண்ணவே இல்ல!

இந்த ஓட்டு விஷயத்துல அபெர்ட்டியம்ங்கிற மொழிபெயர்ப்பு மென்பொருள் திட்டம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்பெயின்ல அலிகான்டே பல்கலைக்கழகத்துல பொறந்தது, அகராதியும் இலக்கண விதியும் எழுதிப் போட்டு மொழிபெயர்க்க வைப்பாங்க. நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்குறது களஞ்சியத்துல, அதாவது திட்டத்தோட கோப்பெல்லாம் இருக்கிற இடத்துல, எழுத உரிமை உள்ளவங்க ஓட்டு. அகராதியும் அந்தக் களஞ்சியத்துலதான், அதனால சொல் சேக்குறவங்களுக்கும் ஓட்டு கிடைக்குது. எங்க திட்டத்துல நிரல் எழுதுறவனுக்கு ஓட்டு, எனக்கு நன்றி.

"பிடிக்கலன்னா ஃபோர்க் பண்ணிட்டுப் போம்மா"ன்னார் ஒரு அண்ணன். நிரலை நகல் எடுத்துத் தனியா நடத்திக்கோன்னு அர்த்தம். உரிமம் தடுக்காதுதான். ஒரு எழுத்துக்குத் தனிக்குடித்தனமா?

கடைசியில நாங்க மூணு பேர் சேர்ந்து திட்ட நிர்வாகிக்கு எழுதினோம். நேத்து ராத்திரி 11.40க்கு என் பேர் பக்கத்துல 'மதிப்பாய்வாளர்'! இனி நானும் ஒப்புதல் குடுக்கலாம். அம்மாவை எழுப்பிக் காட்டினேன். "சம்பளம் உண்டா?"ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் படுத்துட்டாங்க.

அய்யோ, ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். ரத்துக்கு ஒப்புதல் குடுத்தது நான் இல்ல. சொந்தப் பரிந்துரையை நாமே ஏத்தக் கூடாதுன்னு பேசி வச்சிருக்கோம். விழுப்புரம் தம்பிக்கும் இப்ப உரிமை வந்திருக்கு, அவன்தான் அழுத்தினான். நான் பதவிக்கு வந்து பண்ண முதல் வேலை சொதப்பல். கோப்புப் பேர் வர்ற இடத்துல விழுக்காட்டுக் குறியும் எஸ்ஸும் (%s) இருக்கும்ல, மென்பொருள் ஓடுறப்ப அங்க நிஜப் பேர் வந்து உக்காந்துக்கும், அதோட 'ஐ'யை ஒட்டிட்டேன். 'படம்.ஜேபிஜிஐ அழிக்கவா?'ன்னு கேக்குது! தம்பி சிரிச்சுட்டு, 'அழிக்கவா?'ன்னு முதல்ல போட்டு, பேரைத் தனியா அடுத்த வரியில விட்டான்.

'விடு' இன்னும் 14 இடத்துல இருக்கு, இன்னைக்கு ராத்திரி அதோடதான். இருங்க, சுண்டல்... எவ்வளவுண்ணா? முப்பதா? போன வாரம் இருபதுதானே! இதுக்கு யாருண்ணா ஒப்புதல் குடுத்தது?