இரண்டு பேர், ஒரு கூடாரம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். தைப்பூசம் நெருங்கினால் நம் செட்டிநாட்டில் வீட்டுக்கு ஒருவராவது பழநிக்கு நடக்கக் கிளம்புவார்கள். குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று காவடியோடு போகிற நமக்கு நடை புதிதில்லை. ஆனால் அந்த வழியில் சோறு போட ஆள் உண்டு, சாமான் வண்டியில் வரும். இது எதுவும் இல்லாத காட்டுக்குள், நடந்தே பழகாத கணவனும் மனைவியும் மாதக்கணக்கில் நடக்கப் போனால்?

என் அக்கா மகளும் மாப்பிள்ளையும் அப்படிப் போனார்கள். அமெரிக்காவில் அப்பலாச்சியன் பாதை என்று ஒன்று. ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் வரை 14 மாநிலங்கள், ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். மரங்களில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள், அதைப் பிடித்தே போக வேண்டும். முழுதும் நடப்பதென்று கிளம்புகிறவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர்தான் கடைசிவரை போய்ச் சேர்கிறார்.

கிளம்பும் முன் காரைக்குடி வந்தவர்கள் வாங்கிய சாமானை எல்லாம் வளவில் பரப்பி வைத்தார்கள். அடுப்பு, ரெண்டு டார்ச், மடக்கு நாற்காலி, தடித்த புத்தகம். ஆயா பார்த்துவிட்டு, "என்னடி, சீர் சாமான் பரப்பியிருக்கீகளா?" என்றார்கள். அப்புறம் அவர்களே ஒரு டப்பா மாவுருண்டையையும் உள்ளே வைத்தார்கள், அது வேறு கதை. மாப்பிள்ளை பை மட்டும் 20 கிலோவுக்கு மேல். உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்காதே என்பது நடப்பவர்கள் கணக்கு. 70 கிலோ ஆளுக்கு 14 கிலோ, தண்ணீரும் சேர்த்து.

சுமார் 50 கிலோமீட்டர் போனதும் நீல் கேப் என்ற இடத்தில் பாதை ஒரு ரோட்டைக் கடக்கிறது. அங்கே ஒரு கடை. வருஷா வருஷம் புதியவர்கள் பையைக் கொட்டி, பாதியைத் தபாலில் வீட்டுக்கு அனுப்புவது அங்கேதான். இவர்கள் நாற்காலியும் அங்கிருந்துதான் திரும்பியது.

பாரத்தையாவது குறைத்துவிடலாம். வேகம்தான் வம்பு. மாப்பிள்ளை விறுவிறுவென்று போய் ஒரு பாறையில் உட்கார்ந்திருப்பார். இவள் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், "சரி, போவமா?" என்று எழுந்துவிடுவார். அவருக்கு ஒவ்வொரு தடவையும் ஓய்வு. இவளுக்கு ஒரு தடவையும் இல்லை. சாயங்காலத்துக்குள் சண்டை. அதனால் சொல்கிறேன், மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். வேகத்தை அவரே வைக்கட்டும். பழநிப் பாதையில் வீட்டுக்காரியை நாலு பர்லாங் பின்னால் விட்டுப் போகிற அண்ணன்மார்களே, உங்களுக்கும்தான். மெதுவாக நடப்பவர் முன்னால்.

இன்னொன்று. கூடாரத் துணி ஒருவர் பையில், கம்பி இன்னொருவர் பையில் என்று பங்கு போடுவார்கள். மழையில் ஆளுக்கொரு பக்கம் ஆகிவிட்டால் இருவருக்குமே கூடாரம் இல்லை. பிரிந்து நடப்பதானால் கூடாரம் ஒருவரிடம், தார்ப்பாய் மற்றவரிடம் இருக்கட்டும். தண்ணீர், தின்பண்டம், விளக்கு, மழைச்சட்டை ஆளுக்கொன்று.

1955இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி இதே பாதையைத் தனியாக நடந்து முடித்தார். சாதாரணக் கான்வாஸ் ஷூ, கையால் தைத்த ஒரு பை. அவரைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள்.

சுருக்கமாக: குதிகாலில் சூடு தெரிந்த உடனே நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள், கொப்புளமாகும் வரை பொறுக்காதீர்கள். அங்கே கரடி உண்டு, உணவுப் பையைக் கூடாரத்துக்குள் வைக்காமல் தூரத்தில் மரக்கிளையில் உயரமாகத் தொங்கவிடுங்கள். மாவுருண்டை டப்பாவும் அதில்தான். வணக்கம்.