கிணற்றில் வளர்த்த விரால்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவே வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, எனக்குச் சால்வை போர்த்திய கூட்டுறவுச் சங்கச் செயலாளர் அவர்களே, முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம். இந்த வெயிலுக்குச் சால்வையைவிட ஒரு துண்டு உதவியிருக்கும். சரி, போகட்டும்.

மூன்று விஷயம் பேசச் சொன்னார்கள்: ஆற்றல் ஓட்டம், உணவு வலை, மண்ணுக்குத் திரும்பும் சத்து. முதலில் ஆற்றல். ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள். ஏரிக்குள் போவதையும் வருவதையும் அப்படி அளந்து பார்த்தவர் ரேமண்ட் லிண்டமன் என்ற உயிரியல் ஆய்வாளர். அமெரிக்காவில் மின்னசோட்டாவில் ஒரு சின்ன ஏரி. பாசி, பூச்சி, மீன் என்று ஒவ்வொரு படியிலும் எவ்வளவு ஆற்றல் என்று கணக்கெடுத்தார். கட்டுரை 1942இல் அச்சில் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. இறந்தபோது வயது 26.

அவர் சொன்னதை எங்கள் மாமா கிணற்றிலேயே கண்டுபிடித்தார். விராலுக்கு நல்ல விலை என்று யாரோ சொல்ல, பாசனக் கிணற்றில் விரால் குஞ்சு விட்டார். தினமும் ஏரியில் கொசுவலை போட்டுக் கெண்டைப் பொடி அரித்து வந்து கொட்டுவார். எட்டு மாதம்! கடைசியில் பிடித்து, நிறுத்து, சந்தைக்குக் கூடை கட்டும்போது அத்தை வந்து நின்றார். “இத்தனை நாள் கொட்டின கெண்டையை வித்திருந்தா எனக்கு ரெண்டு பவுன் வந்திருக்குமே?” மாமா வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குக் குழம்பும் இல்லை.

மாமா கிணற்றில் போட்டார், அளக்கவில்லை. தின்றதில் பெரும்பகுதி விரால் நீந்தவும் மூச்சுவிடவும் செலவாகி வெப்பமாகப் போய்விடும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போய்ச் சேருவது பத்தில் ஒரு பங்கு. கறாராகப் பத்து இல்லை, கூடும், குறையும். அதனால்தான் பாசி கோடிக்கணக்கில், கொக்கு பத்து இருபது.

சத்து அப்படியில்லை, சுற்றி வரும். வேடந்தாங்கலில் பறவை எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம். அதற்காகவே அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்தார்கள். ஆற்றல் மட்டும் திரும்பாது. தினமும் வெயில் புதிதாகக் கொடுத்தாக வேண்டும்.

இப்போது நம் ஏரிக்கு வருகிறேன். ஊராட்சித் தலைவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. மேட்டுத்தெரு சாக்கடை நேராக ஏரியில் விழுகிறது. அந்தச் சத்தில் ஆகாயத்தாமரை மதகு வரைக்கும் மூடிக் கிடக்கிறது. போன வாரம் ஒரு கொத்தை விலக்கிப் பார்த்தேன், அடியில் கறுப்புத் தண்ணீர், முட்டை அழுகிய நாற்றம். வெயில் உள்ளே இறங்கினால்தானே பாசி? பாசி இல்லாமல் கெண்டை ஏது, நாரை ஏது? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள். நாம் ஏரியில் அளக்காமல் விடுகிறோம்.

உணவு வலையை ஆசிரியை வகுப்பில் சொல்லித் தருவார். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சாக்கடையைத் திருப்பக் கேட்கும் மனு தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்து மேஜையில் இருக்கிறது. பேனா ஒன்றுதான், பெரியவர்கள் வரிசையாக வாருங்கள்.