காயத்தில் நுரைக்கும் பெராக்சைடு செல்லுக்குள் என்ன வேலை பார்க்கிறது?

[திரையில்: சிராய்த்த முழங்கால், பஞ்சு, பொங்கும் வெள்ளை நுரை]

முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்து நின்றால், முன்பெல்லாம் முதலுதவிப் பெட்டியிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு குப்பி வெளியே வரும். இரண்டு சொட்டு விட்டதும் சுர்ரென்று எரியும், வெள்ளையாக நுரை பொங்கும். கிருமி சாகிறது என்று சொல்வார்கள். அந்த நுரைக்குக் காரணம் கிருமி இல்லை. நம் ரத்தத்திலும் திசுவிலும் கேட்டலேஸ் என்றொரு என்சைம் இருக்கிறது. பெராக்சைடு கிடைத்தவுடன் அதைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடும். பொங்குவது அந்த ஆக்சிஜன்தான். நல்ல திசுவையும் சேர்த்து அரிப்பதால் இப்போது காயத்துக்கு இதைப் பெரும்பாலும் பரிந்துரைப்பதில்லை.

சரி, அந்த என்சைம் எதற்காக நம் உடம்பில் தயாராகக் காத்திருக்கிறது? குப்பியெல்லாம் வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே நம் செல்கள் இதே பெராக்சைடைத் தாங்களாகவே தயாரித்துக்கொண்டிருக்கின்றன. செறிவு மட்டும் குப்பியில் இருப்பதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு குறைவு.

[திரையில்: நுண்ணோக்கியில் மீன்குஞ்சின் வால், வெட்டிய விளிம்பில் பரவும் ஒளி]

2009இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் ஃபிலிப் நீட்ஹாமரும் அவருடைய சகாக்களும் ஜீப்ரா மீன்குஞ்சுகளின் வால் நுனியை வெட்டிவிட்டு என்ன நடக்கிறது என்று கவனித்தார்கள். இந்தக் குஞ்சுகள் கண்ணாடி போலத் தெளிவானவை, உள்ளே நடப்பதை உயிரோடு பார்க்கலாம். பெராக்சைடு பட்டால் ஒளிர்வு மாறும் ஒரு புரதத்தை முன்கூட்டியே அவற்றின் செல்களில் வைத்திருந்தார்கள். வெட்டிய சில நிமிடங்களில் விளிம்பில் பெராக்சைடு தோன்றியது. உள்நோக்கி 100 முதல் 200 மைக்ரோமீட்டர் வரை பரவியது. சுமார் 20 நிமிடத்தில் உச்சத்தைத் தொட்டது. இதெல்லாம் வெள்ளணுக்கள் வந்து சேர்வதற்கு முன்னாலேயே! அதுவரை பெராக்சைடு என்றால் வெள்ளணு வந்து கிருமி மேல் கொட்டும் ஆயுதம் என்றுதான் எல்லோரும் படித்திருந்தார்கள். இங்கே அது வெள்ளணுவைக் கூப்பிடும் சேதியாக இருந்தது. தோல் செல்களில் அதைத் தயாரிக்கும் டுவாக்ஸ் என்ற என்சைமை முடக்கியபோது சேதியும் போகவில்லை, வெள்ளணுக்களும் முன்போல் ஓடி வரவில்லை.

இந்தப் பெராக்சைடு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனில் பெரும்பகுதி, செல்லுக்கு ஆற்றல் தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் செலவாகிறது. உணவிலிருந்து பிரித்த எலக்ட்ரான்கள் அங்கே புரதத்துக்குப் புரதம் கைமாறி, கடைசியில் ஆக்சிஜனிடம் வந்து சேரும். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு நான்கு எலக்ட்ரான்களை முழுசாக வாங்கிக்கொண்டால் தண்ணீராகிவிடும், வம்பில்லை. பாதி வழியில் ஓர் எலக்ட்ரான் மட்டும் தப்பி வந்து ஒட்டிக்கொண்டால் அது சூப்பராக்சைடு. இரண்டானால் பெராக்சைடு. மூன்றாவதும் சேர்ந்து அது பிளந்தால் ஹைட்ராக்சில் ரேடிக்கல். இவற்றையும் இவற்றின் பங்காளிகளையும் சேர்த்துத்தான் ஆர்.ஓ.எஸ். என்கிறார்கள்: வினைபுரியத் துடிக்கும் ஆக்சிஜன் வகைகள்.

மூன்றையும் ஒரே கும்பலாகப் பேசுவதால்தான் இந்த விஷயத்தில் இவ்வளவு குழப்பம் என்பது என் எண்ணம். ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிறந்த இடத்திலேயே பக்கத்தில் இருப்பது டி.என்.ஏ.வா, கொழுப்பா, புரதமா என்று பார்க்காமல் தாக்கும். பெராக்சைடும் கட்டுப்பாடில்லாத இரும்பும் சந்தித்தால் இது பிறக்கும். ஆனால் பெராக்சைடு தனியாக இருக்கும்வரை நிதானமானது. சவ்வைக் கடந்து போகும், சில குறிப்பிட்ட புரதங்களை மட்டும் தொடும். சேதி கொண்டுபோக அந்த நிதானம்தான் உதவுகிறது.

முதலில் நம் கண்ணில் பட்டது சேதம்தான். 1954இல் ரெபேக்கா கெர்ஷ்மனும் டேனியல் கில்பர்ட்டும் உடன் வேலை செய்தவர்களும், அதிக ஆக்சிஜனும் எக்ஸ்ரே கதிர்வீச்சும் உடம்பை ஒரே விதமாகக் கெடுக்கின்றன என்றார்கள். 1956இல் டென்ஹாம் ஹார்மன், முதுமைக்கே சூப்பராக்சைடு, ஹைட்ராக்சில் போன்ற ஃப்ரீ ரேடிக்கல்கள்தான் காரணம் என்றார். 1969இல் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் சூப்பராக்சைடை அடக்கும் என்சைமைக் கண்டுபிடித்தார்கள். அடக்குவதற்கென்றே ஓர் என்சைம் இருந்தால், அடக்கப்படுவது விஷமாகத்தானே இருக்க வேண்டும்? அந்த வாதம்தான் அப்புறம், ஆர்.ஓ.எஸ்.ஸை அடக்கும் என்று விற்கும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை டப்பாக்களின் லேபிள் வரைக்கும் வந்து சேர்ந்தது.

[திரையில்: செல் சவ்வில் இன்சுலின் ஏற்பி, அருகே ஒரு புரதம் அணைந்து மீண்டும் எரிகிறது]

இப்போது இன்சுலினுக்கு வருவோம். செல்லின் மேல் இருக்கும் ஏற்பியில் இன்சுலின் வந்து உட்கார்ந்ததும், ஏற்பி தன் உள்பக்கத்தில் பாஸ்பேட்டுகளை ஏற்றிக்கொள்ளும். அதுதான் 'சர்க்கரையை உள்ளே எடு' என்ற உத்தரவு. ஆனால் பி.டி.பி.1பி என்றொரு என்சைம் பக்கத்திலேயே நின்று, ஏற்றிய பாஸ்பேட்டைக் கழற்றிக்கொண்டே இருக்கும். இன்சுலின் வந்ததும் செல் கொஞ்சம் பெராக்சைடு தயாரிக்கிறது. அது பி.டி.பி.1பி-யின் வேலை நடக்கும் இடத்தில், 215ஆம் எண்ணில் இருக்கும் சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தின் கந்தக அணுவை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. என்சைம் சிறிது நேரம் முடங்கும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அதே நேரத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுப்பது மாதிரி. 1995இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் டோரன் ஃபிங்கெல் குழு, ரத்தக்குழாய்த் தசை செல்களில் வேறொரு வளர்ச்சிக் காரணியைக் கொண்டு இதேபோன்ற ஒன்றைக் காட்டியிருந்தது. செல்லுக்குள் கேட்டலேஸை அதிகமாக்கிப் பெராக்சைடைத் துடைத்துவிட்டால், வளரச் சொல்லும் உத்தரவே எடுபடவில்லை.

வளர்சிதை மாற்றத்திலும் இதன் கை இருக்கிறது. குளுக்கோஸை உடைக்கும் பாதையில் உள்ள ஓர் என்சைமைப் பெராக்சைடு முடக்கும்போது, குளுக்கோஸ் பக்கத்துப் பாதைக்குத் திரும்புகிறது. அந்தப் பாதையில் கிடைப்பது என்.ஏ.டி.பி.ஹெச். என்ற, எலக்ட்ரான் சுமக்கும் மூலக்கூறு. பெராக்சைடை அடக்கும் குளூட்டாதையோனைப் புதுப்பிக்க வேண்டியதும் அதுவே. சிவப்பணுவுக்கு இதைவிட்டால் வேறு வழி கிடையாது, அதில் மைட்டோகாண்ட்ரியாவே இல்லை. இந்தப் பாதையின் முதல் என்சைமான ஜி6பிடி குறைவாகப் பிறந்தவர்கள் மலேரியாவுக்குப் பிரைமாகுயின் சாப்பிட்டால் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கறுத்துப் போகலாம். அந்த மாத்திரைக்கு முன்னால் பரிசோதனை செய்யச் சொல்வது இதனால்தான்.

உடற்பயிற்சியும் இதில் சேர்த்தி. 2009இல் ஜெர்மனியில் இளைஞர்களை நான்கு வாரம் பயிற்சி செய்யவைத்தார்கள். பாதிப் பேருக்கு, பயிற்சியில் உண்டாகும் ஆர்.ஓ.எஸ்.ஸை அடக்கத் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும், கூடவே வைட்டமின் இ-யும். மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு உடம்பு இன்சுலினுக்கு நன்றாகப் பணிந்தது. சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. பின்னால் வந்த ஆய்வுகள் சில இந்த விளைவைக் காட்டவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

[திரையில்: இரண்டு கண்ணாடித் தகடுகள், ஒன்றில் கருநீலப் புள்ளிகள்]

நோய்க்கு வருவோம். ஆர்.ஓ.எஸ். குறைந்துபோனாலும் நோய்தான். நாள்பட்ட கிரானுலோமா நோய் என்று ஒன்று. வெள்ளணு கிருமியை விழுங்கும், ஆனால் சூப்பராக்சைடு தயாரிக்கும் என்சைம் பழுதாக இருப்பதால் கொல்ல முடியாது. குழந்தைக்குத் திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி வரும், பூஞ்சைத் தொற்று வரும். பழைய பரிசோதனை எளிமையானது: ஒரு மஞ்சள் சாயத்தோடு வெள்ளணுக்களைத் தூண்டிவிட்டால், சூப்பராக்சைடு உள்ள செல் கருநீலமாகும். நோயுள்ள பையனின் தகட்டில் நீலமே இருக்காது. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருந்தால், அவன் அம்மாவின் தகட்டில் நீலமானதும் நீலமாகாததும் கலந்து கிடக்கும். அவருடைய செல்கள் ஒவ்வொன்றும் இரண்டு எக்ஸ்களில் ஒன்றை அணைத்து வைத்திருப்பதை அப்படியே கண்ணால் பார்க்கலாம்.

மாரடைப்பில் கதை தலைகீழ். அடைப்பு இருக்கும் வரை செல்லுக்குள் சக்சினேட் என்ற பொருள் தேங்கிக்கொண்டே போகிறது. அடைப்பை நீக்கி ரத்தம் பாய்ந்ததும் அது ஒரேயடியாக எரிகிறது, எலக்ட்ரான்கள் பின்பக்கமாகத் தள்ளப்பட்டு சூப்பராக்சைடு குபுகுபுவென்று வருகிறது. 2014இல் எலிகளில் இதை விளக்கமாகக் காட்டினார்கள். அதற்காக அடைப்பை நீக்காமல் விட முடியுமா? முடியாது. உயிர்தரும் ரத்தமே ஓரளவு சேதமும் செய்கிறது, அவ்வளவுதான்.

மாத்திரைகளின் கதை பின்லாந்தில் திரும்பியது. 50 முதல் 69 வயதுவரை உள்ள 29,133 ஆண்கள், அத்தனை பேரும் புகைபிடிப்பவர்கள். கேரட்டில் இருக்கும் ஆன்டிஆக்சிடன்டான பீட்டா கரோட்டின் நுரையீரலைக் காக்கும் என்று நம்பி ஆண்டுக்கணக்கில் கொடுத்தார்கள். 1994இல் முடிவு வந்தது: பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனையில் 28 சதவீதம். 1996இல் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். (நெல்லிக்காயைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பழமும் காயும் வேறு, செறிவூட்டிய மாத்திரை வேறு.)

ஏன் இப்படி என்பதற்கு ஒரு துப்பு 2014இல் சுவீடனின் கோத்தன்பர்க்கிலிருந்து வந்தது. நுரையீரல் புற்றுநோய் உண்டாக்கிய எலிகளுக்கு வைட்டமின் இ-யும் அசிட்டைல்சிஸ்டைன் என்ற இன்னோர் ஆன்டிஆக்சிடன்ட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டிகள் வேகமாக வளர்ந்தன. சாதாரணமாகக் கட்டியில் ஆர்.ஓ.எஸ். ஏறும், டி.என்.ஏ. சேதமாகும், பி53 என்ற புரதம் விழித்து வளர்ச்சியை அடக்கும். மாத்திரை அந்தச் சேதத்தைக் குறைத்ததும் பி53-யும் அடங்கிவிட்டது.

அதே அசிட்டைல்சிஸ்டைன் இன்னோர் இடத்தில் உயிர் காக்கிறது. பாராசிட்டமாலைக் கல்லீரல் உடைக்கும்போது கொஞ்சம் நச்சு உண்டாகும், குளூட்டாதையோன் அதைப் பிடித்து அடக்கிவிடும். அளவுக்கு மீறி விழுங்கினால் குளூட்டாதையோன் தீர்ந்துபோய் கல்லீரல் செல்கள் சாகத் தொடங்கும். தீர்ந்துபோனதை நிரப்புவது இந்த மருந்து. விழுங்கிய எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் கல்லீரல் பெரும்பாலும் தப்பிவிடும். முதல் நாள் லேசான குமட்டலைத் தவிர ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். ஆகவே வீட்டில் யாராவது, குழந்தை உட்பட, அளவுக்கு மேல் விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்காமல், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.