அலைக்குக் கீழே இருப்பதை எங்கே காட்டுவது?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

சிறு பிள்ளைக்குக் கடலை அறிமுகப்படுத்த ஏற்ற இடம் கடற்கரையா, மீன் காட்சியகமா என்பது இன்றைய வழக்கு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், அலையில் கால் நனைக்காத பிள்ளைக்குக் கடல் எப்படி விளங்கும் என்று கேட்டார். தொட்டி மீனைக் காட்டுவது சிறைவாசியைக் காட்டுவதற்குச் சமம் என்றும் சொன்னார். இரண்டுக்கும் மரியாதையோடு பதில் சொல்கிறேன். தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி, பாம்பன் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் கிடக்கும் இந்த இராமநாதபுரம் மாவட்டத்தில், பிள்ளைக்கு அலையைக் காட்டித் தர ஒருவரும் தேவையில்லை. அந்த அலைக்குக் கீழே வாழ்வதை நான்கு வயதுப் பிள்ளை எங்கே நின்று பார்ப்பது என்பதுதான் என் கேள்வி.

கரை எதைக் காட்டுகிறது என்று சற்று எண்ணிப் பாருங்கள். விசைப்படகு வந்து சேரும்போது கூடைகளில் இறங்கும் கணவாய், நண்டு, திருக்கை, பாரை எல்லாவற்றையும் நம் பிள்ளைகள் பேர் சொல்லி அடையாளம் காட்டுவார்கள். ஆனால் அவர்கள் கண்டவற்றில் பெரும்பாலானவை உயிர் போனவை, அல்லது போய்க்கொண்டிருப்பவை. வெளுத்துக் கிடக்கும் கணவாயைக் கூடையில் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு, அது உயிரோடிருக்கும்போது கண்ணிமைக்கும் நேரத்தில் உடலின் நிறத்தையும் வரிகளையும் மாற்றிக்கொள்ளும் என்று எந்தக் கரையில் காட்டுவீர்கள்? மீனை உணவாக மட்டும் அறிந்து வளர்வது பாவம் என்று நான் சொல்லவில்லை. நம் ஊர் அடுப்புகள் எரிவதே அதனால்தான். அதை ஓர் உயிராகவும் அறிந்து வளர வேண்டும் என்கிறேன்.

படகில் ஏற்றிப் பவளப்பாறையையே காட்டலாமே என்று எதிரணியில் ஒருவர் எழக்கூடும். நம் மீனவர்கள் பார் என்று அழைக்கும் அந்தப் பாறைகள் சூழ்ந்த 21 தீவுகளும் 1986-ஆம் ஆண்டு முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் அடங்கியவை. 560 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தப் பூங்காவில் வனத்துறையின் அனுமதியின்றி எவரும் விரும்பியபடி இறங்கித் திரிய முடியாது, திரியவும் கூடாது. 2010-இலும் 2016-இலும் கடல்நீர் சூடேறி நம் பவளங்கள் வெளுத்துப்போனதை நினைத்தால், அந்தக் கட்டுப்பாடு எவ்வளவு தேவையானது என்பது புரியும். போதாததற்குக் காற்றும் நமக்கு இசைய வேண்டும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்; வாடைக் காலத்தில் வடகடலான பாக் விரிகுடா கலங்கிவிடும். தனுஷ்கோடியின் நீரோட்டத்தைப் பற்றி இந்த அவையில் நான் விளக்க வேண்டியதில்லை.

நடுவர் அவர்களே, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1971-இல் கொச்சிக்கு மாறும் வரை தலைமையிடமாகக் கொண்டிருந்தது நம் மாவட்டத்து மண்டபம் ஊரைத்தான். இன்றும் அங்கே அதன் மண்டல மையம் இருக்கிறது; மீன் காட்சியகமும் இருக்கிறது. என் மகளை அங்கே அழைத்துச் சென்றபோது நான் கண்டதைச் சொல்கிறேன். எல்லாத் தொட்டிகளையும் காட்டிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கிருந்தது. அவளுக்கு அது துளியும் இல்லை. கோமாளி மீன் இருந்த தொட்டியின் முன் நின்றவள் நகரவே மறுத்தாள். அது குடியிருக்கும் கடற்சாமந்தி என்னும் பூப்போன்ற உயிரின் கொடுக்குகள் மற்ற மீன்களைச் சுட்டுவிடும் என்றும், கோமாளி மீனின் மேலுள்ள வழவழப்பு அதைக் காக்கிறது என்றும் சொன்னேன். அந்தக் கூட்டத்தில் மிகப் பெரியதுதான் தாய் என்றும், அது இறந்துபோனால் அடுத்த பெரிய ஆண் மீனே பெண்ணாக மாறிவிடும் என்றும் சொன்னேன். கடல் குதிரையில் வயிற்றுப் பையில் முட்டைகளைச் சுமப்பது ஆண்தான் என்றதும், "அப்பாதான் தூக்கிட்டுப் போவாரா?" என்று கேட்டுவிட்டு, அதன் வால் தண்டைச் சுற்றிப் பிடித்திருப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். குனிந்து, பிள்ளையின் கண் உயரத்திலிருந்து, ஓர் உயிரின் முழு வாழ்வைப் பற்றிப் பேச இப்படி ஒரு வாய்ப்பைக் கரை எனக்குத் தந்ததில்லை.

சிறை என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அதில் நியாயம் இருப்பதால் அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். நெடுந்தூரம் நீந்தித் திரியும் உயிர்களைத் தொட்டியில் அடைப்பது கொடுமை. ஓங்கில்கள் எனும் டால்பின்களை அடைத்து வேடிக்கை காட்டும் கூடங்களுக்கு நம் நாடு 2013-இல் தடை விதித்ததை எங்கள் அணி மனமார வரவேற்கிறது. ஆவுளியா எனும் கடற்பசுவைத் தொட்டியில் வைக்க யாராவது கேட்டால் முதலில் எதிர்ப்பவர்கள் நாங்களாக இருப்போம். ஆனால் ஒரே ஒரு கடற்சாமந்தியைச் சுற்றி வாழ்நாளைக் கழிக்கும் கோமாளி மீனை அந்தக் கணக்கில் சேர்ப்பது சரியாகுமா? மண்டபத்திலும் கேரளத்தின் விழிஞ்ஞத்திலும் அறிவியலாளர்கள் அதைப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்யவைத்திருக்கிறார்கள். அப்படிப் பிறந்த மீனுக்காகக் கடலில் ஒரு பவளப்பாறையையும் கலைக்க வேண்டியதில்லை. 2010-இல் கோபியா எனப்படும் கடல் விறால் மீனை இந்தியாவிலேயே முதன்முறையாகப் பொரிப்பகத்தில் குஞ்சு பொரிக்கவைத்ததும் மண்டபம்தான் என்பதை, இந்தக் கரையின் மகளாகப் பெருமையோடு சொல்கிறேன்.

காட்சியகத்தில் நடந்துகொள்ளும் முறையைப் பெற்றோர் கற்றுத்தந்தே ஆக வேண்டும் என்பதில் எனக்குச் சமரசமே கிடையாது. மீனின் உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு நீரின் மெல்லிய அதிர்வையும் உணரக்கூடியது. கண்ணாடியைத் தட்டும் ஒவ்வொரு தட்டும் அதற்குத் தொல்லை. பெரும்பாலான மீன்களுக்கு இமை கிடையாது, ஆகவே முகத்துக்கு நேரே மின்னும் கைப்பேசி வெளிச்சத்துக்குக் கண்ணை மூடிக்கொள்ளவும் அவற்றால் முடியாது. இதைச் சொன்னால் நான்கு வயதுப் பிள்ளை கையை எடுத்துவிடுகிறது. தட்டிக்கொண்டே நிற்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்களே என்பது எனக்கு வருத்தம்.

எதிரணியின் அடுத்த பேச்சாளரிடம் ஒன்று கேட்கிறேன். 2001 முதல் கடல் அட்டையைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். இருந்தும் நம் மாவட்டத்தில் மூட்டை மூட்டையாக அது பிடிபடுவதைச் செய்தியில் அடிக்கடி பார்க்கிறோம். மணலை விழுங்கி, அதிலுள்ள மக்கிய பொருள்களைச் செரித்து, சுத்தமான மணலை வெளியே தள்ளி, கடலின் தரையைப் பேணும் உயிர் அது. நம் பிள்ளை அதை உலர்த்திக் கட்டிய மூட்டையாக மட்டும் அறிய வேண்டுமா, உயிரோடு மணலில் மேய்வதையும் பார்க்க வேண்டுமா? பார்க்க வேண்டும் என்றால், சட்டத்தை மீறாமலும் தீவில் இறங்காமலும் அதை நீங்கள் எந்தக் கரையில் காட்டுவீர்கள் என்று இந்த அவைக்குச் சொல்லுங்கள்.