கம்பி முடிந்த இடத்தில் ஓர் ஊர்

பெரியவர்களே, நண்பர்களே, வணக்கம்.

இங்கே தாம்பரத்துக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டால், பாதிப் பேர் ‘எலக்ட்ரிக் ட்ரெயினில்’, அதாவது புறநகர் வண்டியில், என்பீர்கள். இன்று கன்னியாகுமரி எக்ஸ்பிரஸும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. அதை யாராவது அப்படிச் சொல்கிறோமா? அந்தப் பெயர் 1931-ல் ஒட்டிக்கொண்டது. சவுத் இந்தியன் ரயில்வே சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை, சுமார் 30 கிலோமீட்டர், மீட்டர் கேஜ் என்கிற குறுகிய பாதையில் மின்வண்டி விட்ட ஆண்டு அது. தாம்பரத்தோடு மின்கம்பி முடிந்தது. அதற்குத் தெற்கே கரியும் புகையும்தான். புகை போய் எத்தனையோ காலமாகிவிட்டது, பெயர் மட்டும் போகவில்லை.

கம்பி இங்கே முடிந்தது இந்த ஊருக்கு அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். கடைசி நிலையம் என்றால் வண்டி நின்று திரும்ப வேண்டும், ராத்திரி தங்க வேண்டும், பழுது பார்க்க ஷெட் வேண்டும். அதற்கு ஆட்கள், ஆட்களுக்குக் குவார்ட்டர்ஸ். 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்து நெரிசலை விட்டுச் இங்கே சேலையூர்க் காட்டுக்கு வந்தபோது, மாணவர்களுக்கு மின்ரயில் தயாராக இருந்தது.

அப்புறம் அறுபதுகளில் 1,500 வோல்ட் நேர்மின்சாரம் 25,000 வோல்ட் மாறுமின்சாரமானது. 2004-ல் மீட்டர் கேஜ் மின்வண்டி விடைபெற்றது, அகலப் பாதை வண்டி மட்டும் நின்றது. பெட்டி அகலமானது, கூட்டமும் கூடவே அகலமானது!

இப்போது எழும்பூர், சென்ட்ரலோடு மூன்றாவது முனையமும் நாம்தான். 2018-ல் இங்கிருந்து திருநெல்வேலிக்கு அந்த்யோதயா எக்ஸ்பிரஸ் விட்டார்கள். முழுக்க முன்பதிவில்லாப் பெட்டிகள். தீபாவளிக்கு முந்தின நாள் டிக்கெட் கிடைக்காமல் நின்றவருக்குத்தான் அதன் அருமை தெரியும். 2025-ல் ஏசி லோக்கலும் வந்தது. குளுகுளுவென்றுதான் இருக்கிறது, சரி. ஆனால் சாதா வண்டியில் 5 ரூபாய்க்கு ஏறுகிறவர் இதில் குறைந்தது 35 ரூபாய் தர வேண்டும். சித்தாள் வேலைக்குப் போகிற அம்மா அதில் ஏற மாட்டார்.

இன்னொன்று. ஊரை வளர்த்த இதே தண்டவாளம்தான் அதைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாக வெட்டியது. ஜி.எஸ்.டி. ரோடு என்கிற நெடுஞ்சாலை ஒரு பக்கம், கல்லூரியும் விமானப்படைத் தளமும் மறுபக்கம். காய்கறிப் பையோடு நடைமேம்பாலம் ஏறுகிற பலர் ரயிலுக்கு வருகிறவர்களே அல்ல, வீட்டுக்குப் போகிறவர்கள். நிலையத்தை விரிவாக்கத் திட்டம் போடும்போது, டிக்கெட் எடுக்காத அவர்களையும் கணக்கில் சேருங்கள் என்று கேட்கத்தான் இன்று மேடையேறினேன். நன்றி.