'வெரி' வந்த வழி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திச் சிறப்பித்த வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, ஓய்வு பெற்ற பின்னும் நாள் தவறாமல் இந்நூலகத்துக்கு வந்துபோகும் பேராசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் 'மிக' என்னும் பொருளில் வழங்கும் 'வெரி' என்ற வினையடை எங்கிருந்து வந்தது, எப்படிப் பொருள் மாறியது என்ற இரண்டையும் பேச வந்திருக்கிறேன். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பார் என் பாட்டி. சொல்லாராய்ச்சிக்கும் அதுவே விதி.

நான் ஆசிரியராக இருந்தபோது பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, நம்ம வெறிதான் அங்க போய் வெரி ஆச்சு" என்றான். வகுப்பே கைதட்டியது. ஒலியைக் கவனிக்கும் காது அவனுக்கு இருந்ததால் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. அளந்து பார்க்கலாம் வா என்று நூலகத்துக்கு அழைத்துச் சென்றேன். ஆக்ஸ்போர்டு பேரகராதியின் நான்கு பக்கங்களை ஒரே பக்கத்தில் குறுக்கி அச்சிட்ட 1971ஆம் ஆண்டுப் பதிப்பு அங்கே பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. சாவி கிடைக்க இரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பதிப்போடு வரும் உருப்பெருக்கியை எழுத்தின்மேல் பிடித்து, அவனே விரல்வைத்துப் படித்தான்: பழைய பிரெஞ்சில் 'வெராய்', அதற்கு மூலம் 'உண்மையான' என்று பொருள்படும் லத்தீன் 'வேருஸ்'. "அப்ப வெறி இல்லையா ஐயா?" என்று நிமிர்ந்து கேட்டான்.

1066இல் பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு வழியாகப் புகுந்த சொல்தான் 'வெரி'. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் ஒரு வீரனை 'வெரெய்' என்று பாடியபோது மெய்யான வீரன் என்றே பொருள். 'மெய்யாகவே நல்லவன்' என்று சொல்லிச் சொல்லி அழுத்தம் மட்டும் நின்று, 15ஆம் நூற்றாண்டு வாக்கில் 'மிக நல்லவன்' ஆயிற்று. தீர்ப்பைக் குறிக்கும் 'வெர்டிக்ட்' என்னும் சொல்லில் அந்த மெய் இன்னும் இருக்கிறது. அதன் நேர்ப்பொருள் 'மெய்யாகச் சொன்னது'.

அளந்து போட அளவுகோல் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டாமா? அந்தப் பேரகராதிக்கு 1857இல் திட்டமிட்டவர்கள் 1928 வரை உழைத்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு குறித்த மேற்கோள் தந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இத்தனை உழைப்பையும் பூட்டி வைப்பது மாணவனுக்குச் செய்யும் அநீதி. தலைவர் அவர்கள் இசைந்தால், அந்த ஆறு தொகுதிகளையும் வாசலருகே உள்ள மேசையில் திறந்தே வைக்குமாறு வேண்டுகிறேன். பக்கத்தில் வைக்க ஓர் உருப்பெருக்கியை நானே வாங்கித் தருகிறேன். நன்றி, வணக்கம்.