நட்சத்திரம் அரிசியாகத் தெரிந்தால்: டெலஸ்கோப்பின் சின்னக் கண்ணாடி

[காட்சி: பாளையங்கோட்டை மொட்டைமாடி, இரவு]

வணக்கம். மாசி மாதம் பிறந்ததும், இரவு எட்டரை மணி வாக்கில் நம்ம திருநெல்வேலிச் சீமையில் அண்ணாந்து பார்த்தால், திருவாதிரை நட்சத்திரம் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே நிற்கும். காற்றின் நடுக்கம் அங்கேதான் குறைவு. டெலஸ்கோப்பைச் சோதிக்க அருமையான நட்சத்திரம்.

என் 6 அங்குல நியூட்டன் டெலஸ்கோப்பில் அதைப் பார்த்த அக்கா மகன், "மாமா, இது அரிசி மாதிரில்லா நீளமா இருக்கு" என்றான். உண்மைதான். ஃபோகஸைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் நெடுக்கே நீள்கிறது, வெளியே இழுத்தால் குறுக்கே.

தலையைச் சாய்த்துப் பார்த்தோம், ஐபீஸை (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸை)த் திருகிப் பார்த்தோம், கோடு திரும்பவில்லை. கோளாறு கண்ணிலோ ஐபீஸிலோ இருந்தால் கோடும் கூடவே திரும்பியிருக்கும். அப்புறம் அடியிலுள்ள பெரிய கண்ணாடியைக் கால் சுற்று திருப்பி வைத்தோம். அப்போதும் அதே கோடு. மிஞ்சியது, குழாயின் வாய்ப்பக்கம் 45 பாகை சாய்ந்து நிற்கும் சின்னக் கண்ணாடிதான்.

[காட்சி: சின்னக் கண்ணாடி, பக்கவாட்டில்]

பெரிய கண்ணாடி குவித்து அனுப்பும் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவது மட்டுமே இதன் வேலை. அதனால் தட்டையாக இருக்க வேண்டும். எவ்வளவு தட்டை? பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 550 நானோமீட்டர். மேடுபள்ளம் அதில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ 500-இல் ஒரு பங்கு!

நேராக நிற்கும் கண்ணாடியில் மெல்லிய வளைவு இருந்தால் ஃபோகஸ் சற்றுத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். சாய்ந்து நிற்பதுதான் வினை. 45 பாகையில் விழும் ஒளியை அந்த வளைவு, சாய்வின் திசையில் மற்றத் திசையைவிட இரண்டு மடங்கு வளைக்கிறது. இரண்டு திசைக்கும் இரண்டு ஃபோகஸ். நட்சத்திரம் புள்ளியாகச் சேர இடமே இல்லை. கண் பரிசோதனையில் 'சிலிண்டர் பவர்' என்பார்களே, அதே கோளாறு.

வளைந்த சின்னக் கண்ணாடியும் உண்டு. காஸ்கிரெய்ன் வகையில், அதாவது ஒளியைப் பக்கவாட்டில் திருப்பாமல் பெரிய கண்ணாடியின் நடுத் துளை வழியே பின்னால் அனுப்பும் வகையில், அது வெளிப்புறம் புடைத்திருக்கும். காவலூர் வானாய்வகத்தின் வைணு பாப்பு தொலைநோக்கியில், 2.34 மீட்டர் பெரிய கண்ணாடியின் குவியத் தொலைவை அது நான்கு மடங்காக நீட்டுகிறது. பெரியது பரவளையம் (பாரபோலா வளைவு) என்றால், சின்னது அதிபரவளையமாக (ஹைப்பர்போலா வளைவாக) இருக்க வேண்டும். வெறும் கோளத்தின் துண்டாக இருந்தால் ஓரத்து ஒளி ஓரிடத்திலும் நடு ஒளி வேறிடத்திலும் குவியும்.

[காட்சி: கண்ணாடியின் முதுகு]

சரி, நம்ம கண்ணாடிக்கு வருவோம். முதுகு முழுக்க எபாக்ஸி பசை, தாங்கியில் ஒட்ட நான் பூசியதுதான். இறுகும்போது சுருங்கிக் கண்ணாடியை இழுத்துவிட்டது. சுரண்டி எடுத்துவிட்டு, மூன்றே இடத்தில் பொட்டுக்கடலை அளவு சிலிக்கான் பசை வைத்தோம். கண்ணாடிக்கும் தாங்கிக்கும் நடுவே இடைவெளிக்குத் தீக்குச்சிகள். நன்றாகக் காய்ந்ததும் குச்சிகளை உருவிவிட்டோம்.

[காட்சி: ஃபோகஸ் விலகிய திருவாதிரை]

இப்போது பாருங்கள். உள்ளே தள்ளினாலும் வட்டம், வெளியே இழுத்தாலும் வட்டம். நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு தெரிகிறதா? அது அந்தச் சின்னக் கண்ணாடியின் நிழல்.